யானைத்தடத்தில் வெல்கம் டிரிங்க்

காட்டைக் காப்பாற்றியே தீருவது என்று கிளம்பிவிட்டீர்களா முதலாளி? சந்தோஷம். முதலில் காட்டோரமாக நாலு ஏக்கர் வாங்கிப் போடுங்கள். பட்டா நிலமாக இருந்தால் நல்லது. யானை நடக்கிற வழியில் இருந்தால் இன்னும் நல்லது. கெஸ்ட் யானையைத் தேடிக் காடு காடாய் அலைய வேண்டாம், யானையே காட்டேஜ் வாசலுக்கு வந்து நிற்கும். நீலகிரி அடிவாரத்துச் சீகூர் பீடபூமியில் இந்தச் சூட்சுமத்தை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கும் இடையே யானைக் கூட்டங்கள் வலசை போகும் நிலம் அது. அங்கேதான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று ஊர் ஊராகக் கம்பிவேலி போட்டு, குளிக்க ஒரு குளம் வெட்டி, ராத்திரியில் கேம்ப் ஃபயர் மூட்டி, வாசலில் பச்சை எழுத்தில் ‘இயற்கையோடு இணைந்து வாழ்வோம்’ என்று பலகை மாட்டினார்கள். யானைக்குப் படிக்கத் தெரியாது. வேலியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

வழக்கு வரும். வந்தால் வரட்டும், அவசரப்படாதீர்கள். யானைத்தடத்தைக் காலி செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 ஏப்ரலில். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2020 அக்டோபரில். நடுவில் ஒன்பதரை வருஷம். முதல் தீர்ப்பன்று பிறந்த கன்று இரண்டாம் தீர்ப்புக்குள் தாயின் பின்னால் நடந்து நடந்து தடத்தை மனப்பாடம் செய்திருக்கும். மனப்பாடம் செய்த இடத்தில் ஜீப் நிறுத்தம் இருந்தால் அது நீதிமன்றத்தின் குற்றமா, உங்கள் குற்றமா? கன்றின் குற்றம்தான்.

இரண்டாம் தீர்ப்பு வந்து மூன்றே மாதம். 2021 சனவரியில் மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கமாக வந்த யானைமேல் தீயைக் கொளுத்தி எறிந்தார்கள். காதில் பற்றிய நெருப்போடு அது இருட்டுக்குள் ஓடியதை நாடு முழுக்கக் கைப்பேசியில் பார்த்தோம். நாம் பார்க்கும்போது அது செத்துப் போயிருந்தது. இரண்டு பேரைப் பிடித்தார்கள், விடுதிக்குச் சீல் வைத்தார்கள். ‘விருந்தினரே தெய்வம்’ என்று சுற்றுலாத் துறை ஊரெல்லாம் விளம்பரம் செய்கிறதே, அந்தத் தடத்தில் வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்று மட்டும் எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை.

நிலம் ஆயிற்று, அடுத்தது மக்கள். மக்கள் இல்லாமல் சமூகச் சூழல் சுற்றுலா நடக்காது. கையேட்டின் அட்டைக்காவது ஆள் வேண்டும். பல்லில்லாமல் சிரிக்கிற ஓர் இருளப் பாட்டி போதும். சாயங்காலம் குழல் ஊத, பறை அடிக்க, வளைந்து ஆட நாலைந்து பேரை வேனில் கூட்டி வாருங்கள். சாவு வீட்டு வாசிப்போ, கல்யாண வாசிப்போ, எதையாவது வாசிக்கட்டும், கெஸ்ட்டின் சிக்கன் ஆறுவதற்குள் முடித்தால் சரி. பாறைத்தேன் எடுக்கத் தெரிந்தவருக்கு அறை துடைக்கிற வேலை கொடுங்கள். சிறுத்தை எந்தப் புதரில் குட்டி போட்டிருக்கிறது என்று காற்றை வைத்தே சொல்லக்கூடியவரைக் கேட்டில் காவலுக்கு நிறுத்துங்கள். சிறுத்தையைப் பற்றிக் கெஸ்ட்டுக்கு விளக்க, பட்டணத்திலிருந்து பச்சைத் தொப்பி போட்ட பையனைச் சம்பளத்துக்கு வையுங்கள். ஆண்டறிக்கையில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே தலைப்பு: பழங்குடியினர் வாழ்வாதார மேம்பாடு.

சட்டம்? அதுவும் உங்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. காட்டில் வாழ்கிறவனுக்குக் காட்டின்மேல் உரிமை உண்டு என்று 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. நீதிமன்ற அனுமதியில்லாமல் யாருக்கும் உரிமைப் பட்டா தரக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2008-இல் இடைக்கால உத்தரவு விழுந்தது. அது நீங்கியது 2016-இல். ஆனைமலையில் காடர் பழங்குடியினரின் கல்லார் ஊர் 2019 மழையில் மண்ணோடு சரிந்தது. பக்கத்துத் தெப்பக்குளமேட்டில், தங்கள் காட்டிலேயே, குடிசை போட்டுக்கொள்ள அவர்கள் இரண்டு வருஷம் போராட வேண்டியிருந்தது. குடிசை போட்டால் காடு கெட்டுவிடுமாம்.

இப்போது 2023-க்கு வாருங்கள். வனப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. வனத் திட்டத்தில் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டால், காட்டுக்குள் கட்டுகிற சூழல் சுற்றுலா வசதி இனிமேல் ‘வனம் சாராத பயன்பாடு’ ஆகாது. அதாவது கழிவறையோடு சேர்ந்த காட்டேஜும் வனப்பணிதான், மரம் நடுகிற மாதிரி. காடர் குடிசையின் புல்லுக்கூரை காட்டுக்கு ஆபத்து, உங்கள் கான்கிரீட் கூரை காட்டுக்குச் சேவை. இவ்வளவு பச்சையாக ஓர் அநியாயத்தைச் சட்டத்தில் எழுத முடியும் என்று பத்து வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால், சும்மா அளக்கிறான் என்றிருப்போம். மிருகக்காட்சிசாலையும் சஃபாரியும் தொடங்க எங்கள் அனுமதி வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாகக் கையைப் பிடித்திருக்கிறது. காட்டேஜைப் பிடிக்கவில்லை. மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

சில இடங்களுக்கு மட்டும் தயவுசெய்து போய்விடாதீர்கள், தொழிலே வெறுத்துவிடும். தேக்கடி அதில் ஒன்று. அங்கே பெரியார் புலிகள் காப்பகத்தில் மரப்பட்டை உரித்துத் திருடிக்கொண்டிருந்தவர்களையே வனத்துறை கூப்பிட்டுப் பேசி வழிகாட்டிகளாக்கியது. திருடப் பழகிய கண்ணுக்குத் திருடன் வருகிற வழி தெரியாமல் போகுமா? 2002-லிருந்து அங்கே பெண்கள் ‘வசந்த சேனை’ என்று கூடி முறை வைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள், காலணாக் கூலி வாங்காமல். காட்டைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டவர்களை வைத்துக்கொண்டு எப்படி வியாபாரம் செய்வது?

காரமடைப் பக்கம் பரளிக்காடு இன்னொன்று. பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல். தள்ளுகிறவர் உள்ளூர் இருளர், சமைத்துப் போடுகிறவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். சாப்பாடு போட்டு, ஆற்றில் குளிக்கவிட்டு, பொழுது சாயுமுன் மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறார்கள். ராத்திரிக் கட்டணத்தை விட்டுக்கொடுத்த மடையர்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். ராத்திரி யானை தண்ணீர் குடிக்க இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கேயும் எல்லாம் சரியென்று நான் சொல்லமாட்டேன். என்றைக்கு விடுவது, எத்தனை பேரை விடுவது, தலைக்கு எவ்வளவு என்கிற கணக்கெல்லாம் வனத்துறையின் கையில். ஊர்க்காரர் கையில் துடுப்பு. ஆனாலும் பரிசல் காசில் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை வாங்கியவர் அந்தக் காட்டில் வெட்டரிவாளோடு வருகிறவனைச் சும்மா விடமாட்டார். நீங்கள் வைத்திருக்கிற தினக்கூலிக் காவலாளி எதற்கு விரட்டப் போகிறார்? உங்கள் கேட்டுக்குள் எரிவதே அவருடைய காட்டு விறகுதான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. புலிக்கு, யானைக்கு, நீதிபதிக்குக்கூட நீங்கள் பயப்பட வேண்டாம். வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுக்குப் பயப்படுங்கள். காட்டுக்கும் விலங்குக்கும் கெடுதல் செய்கிற எந்தக் காரியத்தையும் நிறுத்தக் கிராம சபை முடிவெடுக்கலாம், அந்த முடிவு நடந்தாக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பதினைந்து பேர் ஆலமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிற தீர்மானம் என்று ஏளனமாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் கேட் காவலாளியும் உட்கார்ந்திருப்பார், அறை துடைக்கிற பெண்ணும் உட்கார்ந்திருப்பார், கையேட்டு அட்டையில் சிரிக்கிற பாட்டிக்கும் ஓர் ஓட்டு உண்டு. அந்தப் பிரிவை யாரும் அங்கே தமிழில் சத்தமாகப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.