எக்ஸ்பைரி மகாத்மியம்

செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள் எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள். பெண் பார்க்கப் போகமாட்டார்கள், கடை திறக்கமாட்டார்கள். 2025 செப்டம்பர் முதல் நிஃப்டி குறியீட்டு ஆப்ஷனுக்கு வாராவாரம் செவ்வாய்தான் எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் காலாவதியாகும் நாள். ஐ.டி. பங்கு ஆப்ஷன்களுக்கு மாதக் கடைசிச் செவ்வாய். பெரியவர்கள் தீர்க்கதரிசிகள்.

காலை ஒன்பதேகால். மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்த பையன் வீட்டுக்குப் போகாமல் டீக்கடை பெஞ்சில் குனிந்திருக்கிறான். பஞ்சுத்தூசி இன்னும் புருவத்தில். டீயில் ஆடை படிந்துவிட்டது. "தம்பி, இன்ஃபோசிஸ் என்னப்பா விக்குது?" என்று கேட்டால், "அது எதுக்குண்ணே? சப்போர்ட் உடைஞ்சிருச்சு, இறங்கும்னு புட் ஆப்ஷன் வாங்கிட்டேன்" என்கிறான். பத்துப் பேரில் ஒன்பது பேர் நட்டப்படுகிறார்கள் என்று, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி வைக்கச் சொன்ன எச்சரிக்கை அவன் போனிலும் வருகிறது. வாழ்க்கையில் அவன் இவ்வளவு வேகமாக எதற்கும் 'சரி' சொன்னதில்லை.

இவன் எந்த ஊர்க்காரன்? பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் இன்றும் பங்குச்சந்தையில் இருக்கிற ஊர். ராம்கோ சிஸ்டம்ஸ் என்று மென்பொருள் கம்பெனியே இந்த ஊர்க் குழுமத்துக்கு உண்டு. கம்பெனி என்றால் சங்கு ஊதும், கூலி கொடுக்கும், சில வருஷம் கையைக் கடிக்கும் என்பது இங்கே தெருவுக்குத் தெரியும். அந்தத் தெருவில்தான் கம்பெனியை மறந்துவிட்டு, விலை சார்ட்டில் வரும் கேண்டிலைக் கும்பிடுகிறார்கள்.

1993-இல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது வாங்க ஆள் பற்றவில்லை. 9,500 ரூபாய்க்கு நூறு பங்கு வாங்கிப் பீரோவில் போட்டு மறந்தவரிடம், போனஸும் பிரிப்புமாக இன்று 1,02,400 பங்கு இருக்கும். பத்துக் கோடிக்கு மேல் பெறும். ஆனால் "வாங்கிப் போடு, மறந்துவிடு" கோஷ்டி ரொம்பவும் குதிக்க வேண்டாம். சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியையும் அப்படித்தான் வாங்கிப் போட்டார்கள். 2009 ஜனவரி 7-இல் கணக்கே பொய் என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கு முக்கால்வாசிக்கு மேல் கரைந்தது.

நம் பையனின் பணம் கரைய எந்தக் கடிதமும் வேண்டாம், வியாழக்கிழமை வந்தாலே போதும் என்பது போய் இப்போது செவ்வாய் வந்தாலே போதும். இதைச் சொல்லித்தர குருமார் உண்டு. 'பாப் ஆஃப் சார்ட்' என்று ஒருவர்: சார்ட்டுக்கே அப்பனாம். பாடம் நடத்தி வசூலித்த வகையில் 17.2 கோடி ரூபாயை முடக்கச் சொல்லி 2023 அக்டோபரில் செபி உத்தரவு போட்டது. சொந்த டிரேடிங்கில் அப்பன் எவ்வளவு சம்பாதித்தார்? அதே உத்தரவுப்படி இரண்டரை ஆண்டில் ஏறக்குறைய 2.89 கோடி நட்டம். நீச்சல் தெரியாதவர் வாத்தியார். குளத்தில் நம் பிள்ளைகள்.

விட்ட பணம் கொஞ்சநஞ்சமா? 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று ஆண்டில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல், 93 சதவீதம் பேர் நட்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். எதிர்ப்பக்கம் யார்? 2023 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் கம்பெனி நம் சந்தையில் 36,502 கோடி லாபம் பார்த்தது என்று கணக்குப் போட்ட செபி, குறியீட்டை வளைத்தார்கள் என்று சொல்லி 4,843 கோடியை முடக்கியது. நாங்கள் தப்பே செய்யவில்லை என்கிறது கம்பெனி. அவர்களிடம் கணிப்பொறி, கணித மேதைகள். நம்மாளிடம் டெலிகிராம் குரூப்பும் சம்சாரத்தின் வளையலும்.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை, துடித்துப்போய் நடவடிக்கை எடுத்தது: ஆப்ஷன் விற்பனை வரியை 2024 அக்டோபரில் 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 ஆக்கியது. ஜெயித்தவனும் கட்ட வேண்டும், தோற்றவனும் கட்ட வேண்டும். வளையலை அடகு வைத்த சீட்டுக்கு மட்டும் இன்னும் வரி போடவில்லை.