திருவண்ணாமலையில் அமைதி தேட எட்டு எளிய வழிகள்

ஐப்பசி மழை ரெண்டு நாள் விட்டதும் திருவான்மியூர்க்காரர்களுக்கு மலை ஞாபகம் வரும். ரமணாசிரமத்தின் பின்பக்கமாக ஏறி, ஸ்கந்தாசிரமம், விரூபாக்ஷ குகை, பிறகு ஊருக்குள் இறக்கம்: அரை நாள் நடைதான். முறையாகச் செய்யுங்கள்.

1. பௌர்ணமியன்று போங்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை பாதையில் ஆளே இருக்காது. அப்புறம் நீங்கள் அமைதியாக இருந்ததை யார் பார்ப்பது? லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் நாளையே பிடியுங்கள்.

2. காலை 4 மணிக்குக் கிளம்புவதாக வாட்ஸ்அப்பில் அறிவியுங்கள். 7 மணிக்கு வால்மீகி நகரில் ஒருவரை எழுப்புங்கள். எங்கே டிபன் என்பதைத் திண்டிவனம் வரை விவாதியுங்கள். உச்சி வெயிலில்தான் ஏறத் தொடங்க வேண்டும்.

3. செஞ்சிக் குன்றுகள் தெரிந்ததும் "எல்லாம் பழைய எரிமலை" என்று சொல்லிவிடுங்கள். அண்ணாமலை அக்னி மலை, வேறென்ன சாட்சி வேண்டும்? காரில் ஒருவர் மறுப்பார்: இது 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பூமிக்கடியில் ஆழத்தில் உருவான பாறை, மேலிருந்தது அரித்துப்போனதால் வெளியே தெரிகிறது, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்ததைப் பார்க்க மகாராஷ்டிரத்துச் சஹ்யாத்ரிக்குப் போக வேண்டும், உயிருள்ள எரிமலைக்கு அந்தமானின் பாரன் தீவுக்கு. அடுத்த முறை அவரைக் கூப்பிடாதீர்கள்.

4. புது ட்ரெக்கிங் ஷூவை அன்றைக்கே முதன்முதலாகப் போடுங்கள். வெறுங்காலில் ஏறும் பாட்டி உங்களைத் தாண்டிப் போகும்போது, குதிகால் கொப்புளத்தைக் காட்டி விலை சொல்லுங்கள்.

5. பக்திப் பாட்டை ஸ்பீக்கரில் வையுங்கள். மலைக்கும் கேட்க வேண்டாமா?

6. பாறைமேல் நின்றால் கோயில் முழுக்கத் தெரியும்; கிழக்கே 217 அடி ராஜகோபுரம். உடனே அதற்கு முதுகைக் காட்டி அத்தைக்கு வீடியோ கால் போடுங்கள். "கோபுரம் எங்கடா?" என்பார். உங்கள் மூக்கைக் காட்டுங்கள்.

7. விரூபாக்ஷ குகையில் ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்தார், பல காலம் பேசாமலே. உங்களுக்கு நாலு நிமிஷம் போதும். இருட்டில் கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே இடம் பிடித்து, பையின் ஜிப்பைப் பல் பல்லாகத் திறங்கள். மெதுவாகத் திறப்பதுதான் மரியாதை. சிப்ஸ் பாக்கெட்டை வெளியே வந்து பிரியுங்கள், குரங்கு உதவும்.

8. வீடு திரும்பியதும் "வார்த்தையே வரவில்லை" என்று தொடங்கி ஆறு பத்தி எழுதுங்கள். கீழே, கார்த்திகை தீபத்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேளுங்கள். காரில் இடம் பற்றாது, வேன் பேசிவிடுங்கள். ஸ்பீக்கர் உள்ள வேனாகப் பாருங்கள்.