பத்தாவிலிருந்து ஒரு மைலேஜ் மனு

அனுப்புநர்:
வாரா வாரம் தம்மாம் போய்த் திரும்பும் ஒரு சேல்ஸ்மேன்,
பத்தா, ரியாத்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரிகள்,
சவூதி எரிசக்தித் திறன் மையம்,
ரியாத்.

பொருள்: மைலேஜ் தேவைப்படுகிறவர்களுக்கும் மைலேஜ் விவரம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: புதுக் கார்களின் கண்ணாடியில் தாங்கள் ஒட்டவைக்கும் ஸ்டிக்கர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பாராட்டோடு தொடங்குவதுதான் மனுவுக்கு மரியாதை. 2010-ல் உங்கள் மையம் பிறந்தது. 2014-ல் புதுக் கார்களுக்கு எரிபொருள் சிக்கன ஸ்டிக்கர் வந்தது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண், பக்கத்தில் பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் தரப்பட்டை. எழுத்துக் கூட்டி அரபி படிக்கிற எங்களுக்கும் நிறம் புரியும். அருமையான ஏற்பாடு.

சின்னச் சிக்கல் என்னவென்றால், அந்த ஸ்டிக்கரை நாங்கள் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறோம். வண்டி எங்கள் கைக்கு வரும்போது அதற்குப் பத்து வயது, மூன்று முதலாளிகள், இரண்டு பெயின்ட். ஸ்டிக்கரை முதல் முதலாளி வீட்டு வாசலிலேயே உரித்துப் போட்டிருப்பார். பெட்ரோல் செலவைக் கேட்காமல் வண்டி வாங்க முடிந்தவருக்கு எண்ணைக் கொடுக்கிறீர்கள். பெட்ரோல் செலவை மட்டுமே கேட்டு வாங்குகிறவனுக்குத் தரகரைக் கொடுக்கிறீர்கள்.

தரகரிடமும் தரவரிசை உண்டு. 'பெட்ரோலா? வாசனை காட்டினாப் போதும்' என்பது முதல் தரம். 'டாக்டர் ஓட்டின வண்டி' இரண்டாம் தரம். 'மக்கினா, கீர் ஷர்த்' என்பது மூன்றாம் தரம்: இன்ஜினுக்கும் கியருக்கும் உத்தரவாதம், மற்றதெல்லாம் உங்கள் தலையெழுத்து. எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டால், 'அது நீங்க ஓட்டுறதுல இருக்கு பாய்' என்பார். இந்த ஒரு பதிலில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

இதெல்லாம் அற்ப விஷயம் என்று ஃபைலை மூடிவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். ரியாத்திலிருந்து தம்மாம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போக வர 800. லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டி 53 லிட்டர் குடிக்கும். 91 பெட்ரோல் லிட்டர் 2.18 ரியால், 116 ரியாலில் முடிந்துவிடும். லிட்டருக்கு 8 கொடுக்கிற வண்டிக்கு 100 லிட்டர், 218 ரியால். வாரத்துக்கு நூறு ரியால் வித்தியாசம், மாதத்துக்கு நானூறு. குடும்பத்தோடு இருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளி, 2017-ல் தலைக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கி 2020-ல் 400 ஆக வளர்ந்த கட்டணத்தைக் கட்டுகிறாரே, அதே நானூறு. பெண்டாட்டி ரியாத்தில் இருப்பதா, ஊரில் இருந்து வீடியோ காலில் வருவதா என்பதை எங்களில் சிலருக்கு வண்டி குடிக்கிற பெட்ரோலே முடிவு செய்துவிடுகிறது.

ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல ரயில். சாம்பிள் மூட்டையோடு தம்மாம், கோபார், ஜுபைல் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறவனுக்கு ரயில் எந்தக் கடை வாசலிலும் நிற்பதில்லை.

அப்படியானால் மலிவாக ஒரு வண்டி வாங்க வேண்டியதுதானே என்றும் கேட்கலாம். அங்கேதான் சந்தை எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. 2015 கடைசி வரை இந்த நாட்டில் 91 பெட்ரோல் லிட்டர் 45 ஹலாலா (0.45 ரியால்). அந்தக் காலத்துக்கென்று செய்த கேப்ரிஸ், ஜிம்ஸ் மாதிரிப் பெரிய வண்டிகள் எல்லாம் இன்று விலை இறங்கி, சீட்டு கிழியாமல், ஏசி ஜிலுஜிலுவென்று நிற்கின்றன. 2018-ல் 1.37 ரியால் ஆன பெட்ரோலுக்கு 2021 ஜூலையில் உச்சவரம்பு கட்டியபோது அது 2.18-ல் நின்றது. அதனால் பெரிய வண்டியைப் பணக்காரர் விற்கிறார், பணமில்லாதவன் வாங்குகிறான். கொரோலாவையும் ஆக்சென்ட்டையும் யாரும் லேசில் விடுவதில்லை. பத்து வயதிலும் மாப்பிள்ளை முறுக்கோடு விலை சொல்கிறார்கள். வாங்கும்போது மலிவு என்றால் ஓட்டும்போது வலிக்கும். ஓட்டும்போது மலிவு என்றால் வாங்கும்போதே வலிக்கும்.

2023 அக்டோபரில் எரிபொருள் சிக்கனத்தை வைத்து ஆண்டுக் கட்டணம் கொண்டுவந்தீர்கள். அதிகம் குடிக்கிற வண்டிக்கு அதிகக் கட்டணம்; நியாயம். உச்சத் தொகை வருஷத்துக்கு 190 ரியால். பெரிய ஜிம்ஸுக்கு ஒருமுறை டேங்க் நிரப்ப இதைவிடக் கூடுதலாக ஆகும். இவ்வளவு மென்மையான தண்டனையை நாங்கள் எங்கள் ஸ்பான்சர் கஃபீலிடம்கூடக் கண்டதில்லை.

இனி எங்கள் பக்கத்து நிபுணரை அறிமுகப்படுத்துகிறேன். அவருக்குப் பட்டறை சனாயா தொழிற்பேட்டையில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளைப் பார்க்க வேண்டுமானால் பத்தாவில். வண்டி வந்து நின்றதும் ஸ்டார்ட் பண்ணச் சொல்ல மாட்டார். முதலில் சைலன்சர் குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். காய்ந்த சாம்பல் நிறம் என்றால் பேசுவார். பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டினால் டிஷ்யூ கேட்பார், அத்தோடு சரி. அடுத்து ஆயில் மூடி, ரேடியேட்டர் மூடி. பிறகு ஏசியை முழுதாக வைத்து, இன்ஜின் எந்த அளவுக்குத் தொய்கிறது என்று காது கொடுப்பார். கடைசியில்தான் கேள்வி.

'எங்க ஓட்டப் போற? ரூம்ல இருந்து கடைக்கா, தம்மாமுக்கா?'

'தம்மாமுக்கு பாய்.'

'அப்ப 1.3 இன்ஜின் வேணாம். ஊருக்குள்ள சமத்து அது. லாங்குல நாலு பேரை ஏத்தி, ஏசிய ஃபுல்லா வெச்சு 120-ல மிதிச்சா மூச்சு முட்டும், அதுவும் குடிக்க ஆரம்பிச்சிரும். 1.6 எடு. கியர் ஆறு இருந்தா நல்லது. அமெரிக்கால இருந்து இறக்கின வாரித் பக்கம் போகாத. தண்ணியில மூழ்கினதா, மோதினதான்னு பெத்த தாய்க்கும் தெரியாது. வாங்கினதும் டேங்க் ரொப்பு, மீட்டரை சைபர் பண்ணு, தம்மாம் போய் மறுபடி ரொப்பிப் பாரு. வகுத்தா வர்றதுதான் மைலேஜ். தரகன் சொல்றது மைலேஜ் இல்ல.'

ஐயா, உங்கள் ஆய்வுக்கூடத்தின் மொத்த வேலையும் இந்த ஒரு பத்தியில் அடங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பத்தாவில் அப்படிப் பேசிக்கொள்கிறார்கள்.

எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்.

ஒன்று. கண்ணாடியில் ஒட்டுவது உரிந்துவிடுகிறது. அந்த எண்ணை வண்டிப் பதிவு அட்டையான இஸ்திமாராவிலேயே அச்சடித்துவிடுங்கள். முதலாளிகள் மாறினாலும் எண் கூடவே வரும்.

இரண்டு. வண்டிச் சோதனையான ஃபஹஸில் பிரேக் பார்க்கிறார்கள், விளக்கு பார்க்கிறார்கள், புகையைக்கூட அளக்கிறார்கள். வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதையும் ஒரு வரி கேட்கச் சொல்லுங்கள்.

மூன்று. 2018-ல் தாயிஃப், கஸீம் நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு 140 ஆனது. நூறில் போகும்போது வண்டியைத் தள்ளும் காற்று, 140-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தள்ளும். ஒரு துறை சிக்கனம் என்கிறது, இன்னொரு துறை மிதி என்கிறது. 140 என்ற பலகைக்குக் கீழே, 'செலவு தங்களுடையது' என்று சின்னதாக ஒரு பலகை வைக்க ஆவன செய்யவும்.

நான்கு. தரகர்களின் வாசகங்களுக்கும் ஒரு தரநிர்ணயம் தேவை. 'வாசனை காட்டினாப் போதும்' என்றால் லிட்டருக்குக் குறைந்தது 16 என்று அரசிதழில் அறிவித்துவிட்டால், நாட்டில் பாதிப் பொய் அன்றைக்கே நின்றுவிடும்.

மனு நிராகரிக்கப்பட்டால் எங்களுக்கு வருத்தம் இல்லை. பத்தாவிலேயே ஒரு கிளை தொடங்கிவிடுவோம். நிபுணர் தயார், கருவி அவருடைய ஆள்காட்டி விரல், அலுவலக நேரம் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு. ஆய்வுக் கட்டணம் வண்டிக்கு ஒரு சுலைமானி டீ, 15 சதவீத வாட் உட்பட.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
1.6 தேடிக்கொண்டிருக்கும் ஒரு சேல்ஸ்மேன்.