அச்சம் நான்கே: பூத உருவியல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பூதப் படங்களுக்கு உருவம் சமைப்போர் இதைப் படித்ததாகத் தெரியவில்லை, ஆயினும் மீறவுமில்லை. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் விலங்கு. 1954இல் ஜப்பானின் தோஹோ நிறுவனம் எடுத்த காட்ஸில்லாவுக்கு அங்கே பெயர் 'கொஜிரா'. கொரில்லா பாதி, திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' பாதி. உருவமோ டைனோசர் சாயல். பெயருக்கும் உருவுக்கும் பொருத்தமின்மை குற்றமன்றோ எனின், நோஞ்சானுக்குப் பீமன் என்று பெயர் வைக்கும் நாம் அதைக் கேட்கலாகாது.

அதன் உறுமல் எந்தத் தொண்டையிலும் பிறந்ததன்று. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனைப்படி, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் தந்தியை இழுத்துத் தேய்த்து எடுத்த ஓசை. கரும்பலகையில் நகம் கீறக் கேட்டுப் பல் கூசியவர்க்கு மேல்விளக்கம் வேண்டா. காட்ஸில்லாவின் தோல் முடிச்சுகளோ, அணுகுண்டுக்குத் தப்பியவர்களின் உடம்பிலிருந்த தழும்புகளை நினைவூட்டுபவை. இவ்விடத்தில் ஆய்வாளன் சற்று வாயை மூடிக்கொள்கிறான்.

காட்ஸில்லா உடைக்குள்ளே நடித்தவர் ஹருவோ நகஜிமா. முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு மனிதன் நடப்பது இயலாது என்று கண்டு, வெட்டி, கால் மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். டோக்கியோவை மிதித்த பிராணிக்குத் தன் எடையே பகை.

அணங்குக்குச் சான்று 1979இன் 'ஏலியன்'. அதன் பூதத்தை வடிவமைத்த சுவிஸ் ஓவியர் எச்.ஆர். கீகர் கண்களை எடுத்துவிட்டார். என்னை? கண் இருந்தால் அது பார்க்கும் திசையறிந்து மறுதிசையில் ஓடலாம். கண்ணில்லாததிடம் எந்தப் பக்கம் ஓடுவது? வாயில் ஒழுகுவது வெறும் வழவழப்பான மருத்துவ ஜெல்லி என்று தெரிந்த பின்னும் எனக்குக் குமட்டல் நிற்கவில்லை.

கள்வரும் இறையும் 1975இன் 'ஜாஸ்' படத்தில் ஒருங்கே வருவர். உப்புத்தண்ணீர் பட்டு இயந்திரச் சுறா ஓயாமல் பழுதானது; 55 நாளில் முடியவேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. தயாரிப்பாளர் என்னும் இறைக்கு அஞ்சிய இயக்குநர் ஸ்பீல்பெர்க், சுறாவுக்குப் பதில் மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களைக் காட்டி ஒப்பேற்றினார். நாலாம் அச்சம் மூன்றாம் அச்சத்தை ஈன்றது, சுறா கள்வனாயிற்று.

எஞ்சும் ஐயம் ஒன்று. அந்தச் சுறாவுக்குப் படக்குழு வைத்த பெயர் புரூஸ். அது ஸ்பீல்பெர்க்குடைய வக்கீலின் பெயர். வக்கீலை நான்கில் எதில் சேர்ப்பது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை.