தொடங்கி வைக்கும் வள்ளல்கள்

இணையத்துக்கும் கைப்பேசிக்கும் ஆப் செய்யும் கருவிகளைப் போலத் தொடங்கி வைப்பதில் வள்ளல் வேறு யாரும் இல்லை. காசு கேட்பதில்லை. மார்க் ஷீட் கேட்பதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. எங்கள் ஊர் சங்ககிரி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கலிபோர்னியாவில் கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவருக்கும் ஒரே கோப்பு, ஒரே வெர்ஷன், ஒரே நாளில் இறங்குகிறது. விஷுவல் ஸ்டுடியோ கோட் இலவசம். ரியாக்ட் நேட்டிவ் இலவசம். ஃப்ளட்டர் இலவசம். நாங்கள் லாரிக் குடும்பம். எங்கள் தொழிலில் ஒரு ஸ்பேனர் செட்டைக்கூட யாரும் சும்மா கொடுத்துப் பார்த்ததில்லை. அதனால் இந்தக் கொடையின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும்.

இந்தக் கருவிகள் கொடுக்கும் வாக்கும் பெரிது. ஒரு முறை எழுதினால் போதும், எல்லாவற்றிலும் ஓடும். 1990-களின் நடுவில் ஜாவா சொன்ன வாக்கு இது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றும் இதையே தன் வாயால் சொன்னது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது விளங்க நேரமாகியிருக்கலாம். எனக்குக் கேட்டவுடன் விளங்கியது, ஏனென்றால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் நடப்பது அதுதான். டாடா சேஸிஸ் வந்து நின்றாலும் லேலண்ட் சேஸிஸ் வந்து நின்றாலும் அதே ஆசாரி, அதே வெல்டர், அதே பெயிண்டர். இரண்டின் மேலும் பாடி ஏறும். சேலத்திலிருந்து கொச்சி போகிற நெடுஞ்சாலையில் ஓடும்போது பாடியைப் பார்த்து எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல முடியாது.

ஆனால் பட்டறைக்காரர் வேலையை எங்கே தொடங்குகிறார் என்று சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் டேப்பை எடுப்பார். சேஸிஸின் நீளம், இரண்டு அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், கேபினுக்குப் பின்னால் விட வேண்டிய இடம், யூ போல்ட் எங்கெங்கே விழும் என்பது எல்லாம் அளந்து, சாக்பீஸால் இரும்பின் மேலேயே குறித்துக்கொண்டு, அப்புறம்தான் கட்டையில் கை வைப்பார். முந்தின வாரம் அதே மாடல் வண்டிக்குப் பாடி கட்டியிருந்தாலும் இன்னொரு தடவை அளப்பார். ஆப் செய்யும் கருவிகள் இந்தச் சிரமத்தை நமக்கு வைக்கவே இல்லை. அளக்க வேண்டாம், எந்தச் சேஸிஸ் என்று யோசிக்கவே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தைரியம் சொல்கின்றன. எழுதுவதைப் பொறுத்தவரை அந்த வாக்கை அப்படியே காப்பாற்றுகின்றன. உண்மையிலேயே ஒரு முறைதான் எழுதுகிறோம். ஐபோனில் ஓட வைக்கிற இடம் வரும்போதுதான் மேக் கணினி ஒன்று வேண்டும், ஆப் ஸ்டோரில் வைக்க வருடத்துக்கு 99 டாலர் கட்ட வேண்டும் என்பது தெரிய வருகிறது. எழுதுவதற்கு மட்டும்தானே அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள்.

படித்து முடித்து ஊருக்குத் திரும்பிய வருடம் பெரியப்பாவின் டிரிப் கணக்குக்கு ஓர் ஆப் செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு வண்டி. ஒவ்வொரு டிரிப்புக்கும் நீளமான நோட்டில் கோடு போட்டு லோடு, வாடகை, அட்வான்ஸ், டீசல், டோல், பேட்டா என்று எழுதி வைப்பார். அப்போது எல்லாரும் கையில் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கருவியை நானும் எடுத்தேன். காலையில் இறக்க ஆரம்பித்தது மாலை வரை இறங்கியது. அது இறங்கியதும் அதற்கு வேண்டிய இன்னொன்று, அதற்கு வேண்டிய மற்றொன்று. பெரியப்பா இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, கணக்கு வந்துருச்சா?”

“இன்னும் இல்லீங்க பெரியப்பா, இன்ஸ்டால் ஆயிட்டு இருக்குதுங்க.”

மறுநாள் இரவு திரையில் “ஹலோ வேர்ல்டு” வந்தது. அந்த நொடியின் மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒன்றும் தெரியாத ஒருவன் இரண்டே நாளில் தன் கைப்பேசியில் தன் ஆப்பைப் பார்க்கிறான். இப்படி ஒரு முதல் படியை எந்தத் தொழிலும் அமைத்துக் கொடுத்ததில்லை. லாரித் தொழிலில் கிளீனராக ஏறியவன் ஸ்டியரிங்கைத் தொடவே வருடங்கள் ஆகும். இங்கே முதல் படி பளிங்கு. கால் வைத்தவுடன் மேலே வந்துவிட்டோம் என்று தோன்றும் அளவுக்கு இழைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் படியைத் தேடி நான் அலைந்த அலைச்சல் வேறு கதை.

வழிகாட்டுவதிலும் குறையில்லை. ஃப்ளட்டரோடு ‘டாக்டர்’ என்றே ஒரு கட்டளை வருகிறது. கூப்பிட்டால் கணினியை முழுக்கச் சோதித்து, இது இருக்கிறது, இது இல்லை, இந்த உரிமத்துக்கு நீ இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்று வரிசையாகச் சொல்லும். பொய் சொல்லாத வைத்தியர், ஃபீஸும் கிடையாது. பழைய மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகளிடம்கூட அவர் நோயை மறைப்பதில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓட 8 ஜிபி நினைவகமாவது வேண்டும். அண்ணன் பழகிவிட்டுக் கொடுத்த 4 ஜிபி மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, மின்விசிறி இரைய இரைய, பாதியில் நின்றுபோன பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். நோய் தெரிந்துவிட்டது, மருந்துக் கடைதான் தூரத்தில்.

இந்தக் கருவிகளிடம் நான் மிகவும் மதிப்பது, தங்கள் முடிவு நாளை மறைக்காமல் சொல்லும் நேர்மையை. ஃபோன்கேப் 2008-இல் பிறந்தது. வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவரெல்லாம் ஆப் செய்யலாம் என்று உலகத்துக்கே கதவு திறந்தது. 2020-இல் அதன் சேவையை அடோபி நிறுத்தியது. ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்து, 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறது என்று நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போனது. சமாரின் 2011-இல் தொடங்கியது, 2016-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2024 மே 1-ஆம் தேதி ஆதரவை முடித்துக்கொண்டது. ரியாக்டைத் தொடங்க நினைத்தவர்கள் கைப்பிடித்து நடந்த ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ 2016-இல் வந்தது. 2025 பிப்ரவரியில், புதிதாகத் தொடங்குபவர்கள் இனி இதை எடுக்க வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது. இவற்றில் எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடவில்லை. நாள் சொல்லி, காரணம் சொல்லி, அடுத்து எங்கே போக வேண்டும் என்று வழியும் எழுதி வைத்தன. போன இடத்தில் மறுபடியும் ஒரு பளிங்கு முதல் படி. நேற்று வரை பத்து வருட அனுபவக்காரராக இருந்தவரும் போன வாரம் வந்த பிள்ளையும் அந்தப் படியில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். மூத்தவர் இளையவர் என்ற வேற்றுமையை இப்படித் துடைத்தெடுத்த தொழில் வேறு இல்லை.

என் டிரிப் ஆப்பும் அப்படி ஒரு படிமாற்றத்தில் போனது. இரண்டு வருடம் ஓடியது. வண்டி வடக்கே லோடு இறக்கப் போயிருந்த சமயம் டிரைவர் புதுப் போன் வாங்கினார், ஆப் அதில் திறக்கவில்லை. சரி செய்ய உட்கார்ந்தேன். கருவி மாறியிருந்தது. நான் கூப்பிட்டிருந்த துணைத் தொகுப்புகளில் பாதியை யாரும் பராமரிக்கவில்லை, மீதிப் பாதிக்குப் புது வெர்ஷன் வேண்டும். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்குகிறது. ஐந்து நாள் கழித்துப் பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். விட்ட இடத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். இரண்டு வருடம் எழுதாத நோட்டு அவரிடம் ஒரு அப்டேட்டும் கேட்கவில்லை.

துணைத் தொகுப்புகள் என்றேன். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த உறவு மனிதர்களிடமே அபூர்வம். 2016 மார்ச் 22-ஆம் தேதி ஒரு நிரலாளர் தான் எழுதிய தொகுப்புகளை என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதில் ‘லெஃப்ட் பேட்’ என்பது வெறும் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அந்த 11 வரி இல்லாமல் ரியாக்டும் பேபலும் அவற்றை நம்பிய எத்தனையோ திட்டங்களும் கட்டப்பட முடியாமல் நின்றன. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் களஞ்சியமே அதைத் திரும்ப வைத்தது. தன் வீட்டுக் கூரை யாரோ ஒரு முகம் தெரியாதவரின் 11 வரிமேல் நிற்கிறது என்று அதுவரை பலருக்குத் தெரியாது. அவ்வளவு சத்தமில்லாமல் உதவி செய்திருக்கிறது அந்தத் தொகுப்பு.

தமிழுக்கு இவை தரும் மதிப்பையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர் ஐந்தெழுத்து: ச, ங், க, கி, ரி. ஜாவாஸ்கிரிப்டிலோ ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டிலோ ‘சங்ககிரி’யின் நீளம் கேட்டால் 8 என்று வரும். ‘ங்’ மேல் இருக்கும் புள்ளியையும், ‘கி’, ‘ரி’ இரண்டின் மேல்விலங்கையும் தனித்தனி ஆட்களாக எண்ணி எங்களுக்கு மூன்று எழுத்துக் கூட்டிக் கொடுக்கிறது. பெறுவதில் மகிழ்ச்சிதான், வெட்டும்போதுதான் வலிக்கிறது. டிரைவர்கள் பட்டியலில் பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டலாம் என்று பாடத்தில் இருந்தபடி செய்தேன். குமார், கோபால், கிருஷ்ணன் மூவருக்கும் ஒரே ‘க’. கோபாலண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, “எம்பேரு ‘கோ’ன்னுதானுங்க தம்பி ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இதற்கும் வழி இருக்கிறது. டார்ட்டில் ‘கேரக்டர்ஸ்’ என்ற தொகுப்பும் ஜாவாஸ்கிரிப்டில் ‘செக்மென்ட்டர்’ என்ற வசதியும் ஐந்தை ஐந்தென்றே எண்ணுகின்றன. நான் புரட்டிய தொடக்கப் பாடங்களில் அவை கண்ணில் படவே இல்லை. தமிழ்ப் பெயருக்கு அதன் முதலெழுத்தைக் காட்டுவது அந்தப் பாடங்களுக்கு மேல்படிப்பு.

ஆப் முடிந்தபின் கடையில் வைப்பதற்கும் ஊர் கூடித் தேர் இழுக்க வைக்கிறார்கள். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு பிளே ஸ்டோரில் தனிநபர் கணக்குத் திறந்தவர், 25 டாலர் கட்டியபின், தன் ஆப்பைச் சோதிக்க ஆட்களைச் சேர்த்து அவர்களைத் தொடர்ந்து 14 நாள் விலகாமல் வைத்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றார்கள், பிறகு 12 ஆக்கினார்கள். குப்பை ஆப்களைத் தடுக்க இது தேவை என்பது எனக்குப் புரிகிறது. நிறுவனக் கணக்கு வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு இந்த 12 பேர் தேவையே இல்லை. தனியாக எழுதும் ஒரு பிள்ளை வீடு வீடாகப் போய்ப் போனை வாங்கி ஏற்ற வேண்டும். ஊருக்குள் தன்னை அறிமுகம் செய்துகொள்ள அதற்கு இது ஒரு வாய்ப்பு.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவன் ஆயுதங்களைப் பார்த்துச் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. மயில்பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு இருக்கின்றன இவை என்றார். அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். பள்ளியில் படித்ததைவிடப் பட்டறையில் நின்றபோதுதான் அது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊர் வெல்டரின் சுத்தியல் கைப்பிடி அவர் விரல் பதிந்து தேய்ந்திருக்கும். ஸ்பேனரின் வாய் விரிந்திருக்கும். ஆசாரியின் உளி தீட்டித் தீட்டிப் பாதி நீளமாகியிருக்கும். ஆப் செய்யும் கருவிகளில் ஒன்றும் இப்படி என் கையில் தேய்ந்ததில்லை. ஏழு எட்டுக் கருவி பழகியிருக்கிறேன், எல்லாம் இன்று வாங்கியதுபோலப் பளபளப்பாகவே என்னைவிட்டுப் போயின.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம்.

“எதுல ஆரம்பிக்கறதுங்கண்ணா?”

“இதுக்கு முன்னாடி எதாச்சும் தொட்டிருக்கியா கண்ணு?”

“மூணு ஆரம்பிச்சுட்டேனுங்கண்ணா. மூணுலயும் ஹலோ வேர்ல்டு வந்துருச்சுங்க.” அவள் முகத்தில் பெருமை. பொய்யான பெருமை இல்லை அது. மூன்றும் வேலை செய்தன, போனிலேயே காட்டினாள். நீலம், பச்சை, வெள்ளை என்று மூன்று திரை, மூன்றிலும் அதே இரண்டு சொல்.

பெரியப்பாவின் நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உள்ளே டீசல் மணமும் எண்ணெய்க் கறையும். “புதுசா ஒண்ணும் இறக்காத. ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் போதும், பிரவுசர்ல தொறக்கற மாதிரி. இந்தக் கட்டத்தையெல்லாம் அதுல கொண்டு வா. கூட்டல் மட்டும் சரியா வரட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்.”

அவள் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினாள். விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றாள். “எல்லாப் பக்கத்துலயும் ஒம்போது கட்டம் இருக்குதுங்கண்ணா. இந்த ஒரு டிரிப்புக்கு மட்டும் தாத்தா பத்தாவதா ஒண்ணு போட்டிருக்காரு. அது எதுக்குங்க?”

எனக்குத் தெரியவில்லை. “உள்ள இருக்காரு, போயி அவருகிட்டயே கேளு கண்ணு” என்றேன். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.