எல்லாம் அவரே

வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நள்ளிரவில் உங்கள் வாட்ஸப்புக்கு ஒரு இணைப்பு வருகிறது. கூடவே ஒரு வேண்டுகோள்: ‘ஹெட்போன் போட்டுக் கேளுங்க.’ அதற்குக் கீழே பட்டியல். வரிகள், இசை, குரல், கித்தார், கீபோர்டு, டிரம்ஸ் புரோகிராமிங், ஒலிப்பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர். மொத்தம் 9 பாட்டு, 31 நிமிடம். ஆல்பத்தின் பெயர் எப்போதும் ஒற்றைச் சொல்: ‘வெளி’ அல்லது ‘இடை’. கொஞ்சம் துணிந்தவராக இருந்தால் ‘இடைவெளி’. அட்டையில் அவர் கடலைப் பார்த்து நிற்கிறார். நமக்குத் தெரிவது முதுகு.

தனி ஆல்பக்காரர் என்ற இந்த இனம் வேளச்சேரியிலும் உண்டு, கோவை சரவணம்பட்டியிலும் உண்டு. எனக்கு நன்றாகப் பழக்கமானது நங்கநல்லூர் வகை. வயது முப்பத்தைந்தைச் சுற்றி. பகலில் ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை. கழுத்தில் அடையாள அட்டை. தன்னைச் சினிமாவுக்கு எதிரானவர் என்று சொல்லிக்கொள்வார். ‘நான் இண்டி’ என்பார். ஆனால் ரஹ்மான் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். கோடம்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கட்டிய ஸ்டூடியோவிலிருந்து 1992இல் ‘ரோஜா’ வந்தது என்பது அவருக்கு வெறும் தகவல் அல்ல, ஸ்தல புராணம். தன் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இல்லையே என்பதுதான் ஒரே குறை. இருப்பது மாடிப்படிக்கு அடுத்த அறை. அதுவும் போன வருஷம் வரை மாமியார் வந்தால் தங்கும் அறையாக இருந்தது.

‘எல்லாம் நானே பண்ணேன்’ என்று அவர் சொல்லும்போது ஜாக்கிரதையாகப் பதில் சொல்ல வேண்டும். கதை, திரைக்கதை, வசனம், பாடல், இசை, இயக்கம் எல்லாவற்றையும் ஒருவரே செய்யும் வழக்கம் தமிழனுக்குப் புதிதா என்ன? வாய் தவறி டி.ராஜேந்தர் பெயரைச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். அதே பாராட்டை அமெரிக்க முகவரி போட்டுச் சொல்லுங்கள். 1978இல் பிரின்ஸ் என்ற பத்தொன்பது வயதுப் பையன் தன் முதல் ஆல்பத்தில் 27 வாத்தியங்களைத் தானே வாசித்ததாக அட்டையில் போட்டுக்கொண்டான். அந்தப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு உடனே காபி வரும். (அந்த ஆல்பத்திலும் ஒரு பாட்டின் வரிகளில் இன்னொருவர் கை இருக்கிறது. காபி குடித்து முடித்த பிறகு சொல்லலாம்.)

அறைக்குள் வருவோம். நடுநாயகமாக ஒரு கண்டென்சர் மைக். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் பிறகு அதன் காதில் விழாதது எதுவும் இல்லை. பாடுகிறவரின் குரலோடு எதிர்வீட்டுக் குழந்தையின் வாய்ப்பாட்டையும் சேர்த்துப் பதிந்து கொடுக்கும். இதற்குப் பரிகாரமாக முதலில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினார். முட்டை நுழையாத வீடு அது. அட்டைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, இருட்டிய பிறகு மாடியேற்ற வேண்டியிருந்தது. ஒட்டி முடித்த பின்தான், முட்டை அட்டை மெல்லிய கீச்சொலியைக் கொஞ்சம் சிதறடிக்குமே தவிர வெளிச் சத்தத்தைத் தடுக்காது என்று தெரிந்தது. அப்போது கண்ணில் பட்டது மனைவியின் பீரோ. காஞ்சிபுரம், ஆரணி, செட்டிநாட்டுக் கண்டாங்கி என்று கல்யாணத்திலிருந்து சேர்ந்தவை அடுக்கடுக்காக இருந்தன. கதவைத் திறந்துவைத்து உள்ளே முகத்தை நுழைத்துப் பாடினால் எதிரொலி அடங்கிவிடுகிறது. ஆல்பத்தில் அவர் குரல் அவ்வளவு அந்தரங்கமாக ஒலிப்பதாக நண்பர்கள் வியந்தார்கள். அந்தரங்கத்துக்குக் காரணம் பன்னிரண்டு புடவையும் நாலைந்து நாப்தலின் உருண்டையும்.

மைக்கின் காது அப்படி என்றால் வீட்டின் வாயை அடைத்தாக வேண்டும். ‘டேக் போறேன்’ என்று ஒரு குரல் வரும். உடனே அந்த வீட்டில் காலம் நின்றுவிடும். அறையில் ஃபேன் ஓடக்கூடாது, ஏசி கூடாது. வெளியே அக்னி நட்சத்திரம் எரியும். உள்ளே கதவை அடைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட அவர் பாடுவது மழைப் பாட்டு. கூடத்தில் அப்பா டிவியை ஊமையாக்கி, கிரிக்கெட்டை உதட்டசைவில் புரிந்துகொள்வார். சமையலறையில் குக்கர் விசிலுக்குத் தடை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பருப்பு பாத்திரத்தில் வேகும், சோறு வடித்த சோறு. சட்னிக்கும் வழியில்லை, இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான். ‘நீ மிக்ஸிங் பண்றதுக்காக என் மிக்ஸிய நிறுத்தி வச்சிருக்கேன்டா’ என்று அம்மா ஒருநாள் கதவோரம் நின்று சொன்னார். அதுவும் பதிவாகியிருக்கிறது. அருமையான டேக், அந்தக் குரலால் கெட்டது.

வீட்டை அடக்கலாம், ஊரை அடக்க முடியுமா? நங்கநல்லூருக்குப் பக்கத்தில் மீனம்பாக்கம். பகலில் விமானம், ராத்திரியில் பாடலாம் என்றால் நள்ளிரவுக்கு மேல்தான் வெளிநாட்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். எந்த விமானம் எப்போது வரும் என்பது விமான நிலையத்து அறிவிப்புப் பலகையைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதோடு, அது எந்தச் சுருதியில் போகிறது என்றும் சொல்வார். காலையில் தள்ளுவண்டிக்காரரின் ஒலிபெருக்கி, தக்காளி விலையை முன்கூட்டிப் பதிவுசெய்த குரலில் சொல்லிக்கொண்டே வரும். அதைக் கேட்டு, ‘என்ன சுத்தமான ரெக்கார்டிங்! ஒரு இரைச்சல் இல்ல’ என்று ஒருமுறை உண்மையான பொறாமையோடு சொன்னார். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கிகள் கிளம்பிவிடும். அந்த மாதம் முழுவதையும் ‘வரிகள் எழுதும் காலம்’ என்று ஒதுக்கிவிடுவார்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் அவரிடம் முன்னுதாரணங்கள் உண்டு. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். முதல் ஆள் பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் உடைந்துகொண்டிருந்த நேரத்தில் லண்டன் வீட்டுக்கே ஒரு நாலு டிராக் டேப் இயந்திரத்தை வரவழைத்து, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து 1970 ஏப்ரலில் தன் பெயரிலேயே ஆல்பம் போட்டவர். ‘தனி ஆளா!’ என்று கண்கள் பளபளக்கும். அந்தத் தனி ஆளோடு சேர்ந்து பாடியவர் அவர் மனைவி லிண்டா. படங்கள் எடுத்தவரும் அவரே. முதல் பாட்டில் வீட்டுக் கதவு ஒன்று கிறீச்சிடுவதும் கேட்கும். அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் வாடகை வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து, கேசட்டில் பதியும் நாலு டிராக் பெட்டியில் பாட்டுகளைப் பாடிவைத்தார். பிறகு முழு வாத்தியக் குழுவோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. அந்தப் பெட்டியை வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து இயக்கியவர் அவருடைய கித்தார் உதவியாளர். நம்மவர் கதை சொல்லும்போது அறையில் ஸ்பிரிங்ஸ்டீன் மட்டும்தான் இருப்பார்.

மெக்கார்ட்னி வீட்டுக் கதவுச் சத்தம் ஒரு வரலாறு. நங்கநல்லூர் வீட்டுக் கதவுச் சத்தம் வெறும் தொந்தரவு. ஆனால் கேலி அதில் இல்லை, அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வீட்டையே வியர்க்கவைத்து, ஈ பறக்காமல் பார்த்துக்கொண்டு சுத்தமாகப் பதிவு செய்தாயிற்று அல்லவா? ‘ரொம்ப டிஜிட்டலா இருக்கு’ என்பார். பிறகு வெளிநாட்டுப் பிளகின் ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கி, பழைய டேப் ஓடும் இரைச்சலைப் பாட்டின் மேல் தூவுவார். கேட்டுப் பாருங்கள். ரெண்டாவது வேகத்தில் வைத்த சீலிங் ஃபேன் எப்படியோ அப்படியே இருக்கும்.

வரிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜன்னல், மூன்று மணி, ஆறிய காபி, நீ இல்லாத நகரம். மனைவிதான் முதல் ரசிகை. ஒன்பது பாட்டையும் பொறுமையாகக் கேட்டு முடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘யாரு அவ?’

‘அது ஒரு கான்செப்ட்.’

‘சரி, அந்தக் கான்செப்ட் எந்த காலேஜ்?’

மிக்ஸிங் என்பது மாதக்கணக்கில் நடக்கும் யாத்திரை. ஹெட்போனில் நன்றாக இருப்பது காரில் கொழகொழவென்றிருக்கும். காருக்காகச் சரிசெய்தால் டிவியில் குரல் காணாமல் போகும். ராத்திரி பதினொரு மணிக்கு அடித்தளக் கார் நிறுத்தத்தில் ஒரு வண்டிக்குள் உள்விளக்கு எரிந்து, ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தால் வாட்ச்மேன் பயப்படுவதில்லை, பழகிவிட்டார். மைத்துனரின் புளூடூத் ஸ்பீக்கர், அலுவலகத்து லிஃப்ட், அம்மாவின் பழைய போன் என்று எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பார். கணினியில் கோப்புகள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் நிஜம்’, ‘அப்பா காருக்கு ஃபைனல்’ என்று பெருகும். இவ்வளவும் ஒலியின் அளவை ஒரு துளி ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும். ஸ்பாட்டிஃபையோ, எவ்வளவு கத்தினாலும் எல்லாப் பாட்டையும் தன் ஒரே மட்டத்துக்குத் தட்டி வைத்துவிடும்.

வெளியீட்டுக்குப் பிறகு அவர் பேச்சு எண்களாக மாறிவிடும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குக் காசு. முப்பது வினாடி ஓடினால் ஒரு தடவை என்று கணக்கு. இதை அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு பெருமூச்சோடு சொன்னார். இசையைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிராத அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவர். மறுநாளிலிருந்து பூஜை முடிந்ததும் ஈசிசேர், டேப்லெட், பக்கத்தில் கைக்கடிகாரம். முப்பத்தோராவது வினாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவுவார். அதற்கு மேல் ஒரு வினாடி கேட்டதில்லை. எந்தப் பாட்டின் பல்லவியும் அவருக்குத் தெரியாது. எல்லாப் பாட்டின் முன்னிசையும் மனப்பாடம். நோட்டுப் புத்தகத்தில் நீல மையில் பத்தி போட்டு எழுதி வருகிறார். அப்படியெல்லாம் செய்யக்கூடாது, கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மகன் பதறியபோது, ‘ரூல்ல எங்க போட்டிருக்கு, காட்டு’ என்றார்.

ஆல்பத்துக்கு உண்மையான சோதனை சீமந்தத்திலோ அறுபதாம் கல்யாணத்திலோ வரும். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றும் வேளையில் யாராவது ஒரு பெரியப்பா, ‘ஏதோ கேசட் போட்டிருக்கியாமே, ஒண்ணு பாடேன்டா’ என்பார். சபை அமைதியாகும். கித்தார் வரும். அப்போதுதான் அவருக்கே ஒரு விஷயம் தெரியும்: தன் பாட்டை அவர் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒருமுறைகூடத் தொடர்ச்சியாகப் பாடியதே இல்லை. பதிவானது வரிவரியாக. முதல் வரி சித்திரையில், இரண்டாவது ஆடியில். ஒரே வரியை இருபது தடவை பாடி, இதில் ‘நீ’யை எடுத்து அதில் ‘யில்லா’வோடு ஒட்டிய வேலை.

பல்லவி எப்படியோ தாண்டிவிடும். இரண்டாவது சரணத்தின் வாசலில் நின்றுவிடுவார். கித்தார் அதே நாலு கார்டைச் சுற்றிச் சுற்றி வரும். அந்த நேரத்தில் பந்திப் பக்கமிருந்து, பாயசக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே, அம்மா அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பார். சுருதி பிசகாமல், மூச்சு வாங்குகிற இடம் உட்பட. கதவுக்கு வெளியே குக்கர் வைக்காமல் எத்தனை மாதம் நின்றவர்! மொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கும்.

‘அம்மா, அது பழைய டேக். ஃபைனல்ல அந்த வரிய மாத்திட்டேன்.’

‘தெரியும்டா. இதுதான் நல்லா இருந்தது.’