கட்டிலுக்கு மேல கொக்கி எங்க?

மருமவனே, ஒன் படுக்க ரூம வீடியோ எடுத்து அனுப்பியிருந்தேல்லா, அத நான் பாத்தேன், ஒங்க அத்த பாத்தா, பொறவு தெருவுல பாதிப் பேரு பாத்தாச்சு. ரொம்ப ஜோரு. ஒங்க அத்த லாட்ஜுன்னே நெனச்சுட்டா. "ராவுக்கு எவ்வளவு வாடகை கேக்கான்?"ங்கா. நாந்தான், "ஏட்டி, அது நம்ம குலசேகரன்பட்டினத்து வீடுதான், கல்யாணத்துக்காவ புதுசு பண்ணியிருக்கான்"னு சொல்லித் தெளிய வச்சேன்.

கொற சொல்லுத பழக்கம் எனக்குக் கெடையாது. ஒங்கம்மைட்ட கேட்டுப் பாரு. கொஞ்சம் சந்தேகம் இருக்கு, அத மட்டும் கேட்டுக்கிடுதேன்.

மொதல்ல கட்டிலு. 6 அடிக்கு ஆறரை அடி, கிங் சைஸுன்னு சொன்ன. ராசா படுக்குத அளவுன்னா சும்மாவா. ஆனா ரூமு ராசாவுக்குக் கட்டுனது இல்லயே. பத்துக்குப் பதினொண்ணு. கட்டிலப் போட்டாச்சு, பீரோவ நிப்பாட்டியாச்சு, கண்ணாடி மேசைய வச்சாச்சு, இப்ப பீரோக் கதவத் தொறக்கணும்னா கட்டில்ல ஏறி மண்டி போடணும். காலையில வேட்டி எடுக்கப் போறவன் அப்படியே சாமியும் கும்புட்டுக்கிடலாம், நல்லதுதான்.

இன்னொண்ணு. நம்ம முத்தாரம்மன் கோயில்ல அம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்துலதான் சேந்து இருக்காவ. ஊரையே காவந்து பண்ணுத ரெண்டு பேருக்கு ஒரு பீடம் போதும்னா, ஒனக்கும் மருமவளுக்கும் நடுவுல ஒரு ஆளு படுக்க எடம் கெடக்கே, அது எதுக்கு? கல்யாணமான புதுசுல அந்த எடத்துக்கு என்ன சோலி? நான் பெரியவன், இதெல்லாம் கேக்கக் கூடாது. கேக்கல.

தலமாட்ட வடக்க வச்சிருக்க. வடக்க தல வைக்காதன்னு ஒங்க பாட்டி சொன்னா அது மூடநம்பிக்க, சரி, விட்டுருவோம். விஞ்ஞானத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரி 28-ல பிரதமரு அடிக்கல் நாட்டுனாருல்லா, 2,000 ஏக்கருக்கு மேல எடத்த வளச்சு ராக்கெட்டுத் தளம். இத்தன ஊரு கெடக்க நம்ம ஊர எதுக்குப் புடிச்சாவ? ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து தெக்க கெளம்புத ராக்கெட்டு இலங்கைய வெலகிச் சுத்தி வளஞ்சு போவணும். அந்த வளசலுக்கே எரிபொருளு காலியாவுது. சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டாது. இங்கனருந்துன்னா நேரா தெக்க, கடலுக்கு மேலயே போயிரலாம். ஆக, ராக்கெட்டே தெக்கதான் தல வைக்கப் போவுது. நீ மட்டும் வடக்க வச்சிருக்க. காரணம் எனக்குத் தெரியும்லே. ஸ்விட்சு போர்டு அந்தச் செவருல இருக்கு, செல்லு சார்ஜரு எட்டணும். பாட்டியும் இல்ல, விஞ்ஞானமும் இல்ல, ஒன் தலமாட்டுக்குத் தெச சொல்லுதது ஒரு ஒயரு.

மெத்தைக்கு வாரேன். அமுக்குனா கையி அச்சு விழுது, பைய எந்திரிக்குது, மெமரி ஃபோம்னு அமுக்கி அமுக்கிக் காட்டுன. அது வந்த கத ஒனக்குத் தெரியுமோ என்னமோ. அமெரிக்காவுல நாசாக்காரன் விமான சீட்டுக்குன்னு 1966-ல செய்ய வச்ச சரக்கு. நம்ம ஊருல ராக்கெட்டு கெளம்பும் முன்னாலயே ராக்கெட்டுக்காரன் மெத்த ஒன் வீட்டுல எறங்கிட்டு. பெருமதான். ஆனா அதுக்கு ஒரு கொணம் உண்டு. ஒடம்புச் சூடு பட்டாத்தான் இளகும், இளகி ஆள உள்ள இழுத்துக்கிடும், இழுத்த சூட்ட லேசுல விடாது. குளிரு நாட்டுக்காரனுக்கு அது சொர்க்கம். சித்திர மாசம் கரண்டு போன ராத்திரி நீ அதுல படுத்துக் காட்டு, பொறவு பேசுவோம்.

ஒங்க தாத்தா படுத்தது பனநாருக் கட்டிலு. பன மட்டயச் சீவி நாரு உரிச்சு, தண்ணியில ஊறப் போட்டு, பதமா இருக்கும்போதே சட்டத்துல இழுத்துப் பின்னுதது. காஞ்சா விண்ணுன்னு நிக்கும். கண்ணு கண்ணா எடைவெளி, அடியிலருந்து காத்து ஏறும். எட்டு மாசம் வேர்க்குத ஊருல முதுகுக்குக் கீழ காத்து வேணும்னு அன்னைக்கே கண்டுக்கிட்டாவ, அதுக்கு யாரும் காப்புரிம வாங்கல. நடுவுல தொய்ஞ்சா நார இழுத்துக் கட்டுனாப் போதும். ஒன் மெத்த தொய்ஞ்சா யார இழுத்துக் கட்டுவ? கம்பெனிக்குப் போனு போடுவ, அவன் இந்திக்கு ஒண்ண அமுக்கச் சொல்லுவான்.

மெத்ததான் வேணும்னா போடிப் பக்கத்து இலவம்பஞ்சு இருக்கு. அந்த நாரு உள்ள பொள்ளல், காத்து அடஞ்சது, தண்ணி ஒட்டாது. அந்தக் காலத்துல கப்பல்ல மெதவச் சட்டைக்கே அததான் அடச்சாவ. கடலோரத்துல குடியிருக்குதவனுக்கு மெதக்குத மெத்த ஒண்ணு கைவசம் இருக்கது நல்லதுதான. மாசத்துக்கு ஒருக்க வெயில்ல போட்டுக் கம்பால நாலு தட்டு தட்டணும், அவ்வளவுதான். அந்தத் தட்டுக்குத்தான இப்பம் ஆளு இல்ல.

கட்டிலுக்குத் தலப்பக்கம் பொன்னு நெறத்துல கம்பி வேல. பாத்ததும் கண்ணு கூசிட்டு. இரும்புல தங்கப் பூச்சுன்னு சொன்ன. தங்கம்னு கடக்காத்துட்ட யாரு சொல்லப் போறா? மத்தியானத்துக்கு மேல கெழக்கருந்து அது உப்பச் சொமந்துக்கிட்டு வரும், சன்னல் தெறந்திருந்தா கேக்காமலே உள்ள வரும். பூச்சுல ஊசி மொன அளவு கீறல் இருந்தாப் போதும், அதுக்குள்ள பூந்து அடியில துருப்புடிக்கும், மேல கொப்புளமா எழும்பும். கதவுக் கொண்டி, கீலு, ஆணி, ஏசிக்கு வெளியில மாட்டுன பொட்டிக்குள்ள இருக்க தகடு, எல்லாத்தையும் அது தின்னும். கண்ணாடியையும் விடாது. பின்னால பூசுன ரசத்த ஓரத்துலருந்து கறுப்பா அரிச்சுக்கிட்டே வரும். ரெண்டு வருசம் கழிச்சு மருமவ பொட்டு வைக்க நின்னா, பாதி மொகந்தான் தெரியும். படகு வேல பாக்குதவன்ட்ட கேளு, எவர்சில்வர்லயே 304 வேண்டாம், 316-தான் இந்த உப்புக்குத் தாக்குப் புடிக்கும்பான். அவன் சொல்லுதது படகுக்கு. கட்டிலுக்கும் அதான் சட்டம்.

பீரோ மரம்னு சொன்ன. எந்த மரம்? மரத்தூளையும் பசையையும் சேத்து அமுக்கி, மேல தேக்கு படம் ஒட்டுனதுல்லா அது. ஒரு ஐப்பசி மழைக்கு அடிப்பக்கம் ஊறிப் போவும், உளுந்தவடைக்குப் போட்ட உளுந்து கணக்கா உப்பும். நம்ம பக்கத்துப் பூவரசு கடலோரத்துலயே உப்புத் தண்ணி குடிச்சு வளருத மரம், படகு செய்யவே ஆவும். வேம்பு இருக்கு, பூச்சி அண்டாது. ஒரு ஆசாரியக் கூப்புட்டு ஒங்க புறவாசல்ல சாஞ்சு கெடக்குத பூவரசக் காட்டியிருந்தா, கட்டிலும் ஆச்சு, பெட்டியும் ஆச்சு. அத நீ வெறகுக்குக் கொடுத்துட்ட. சரி, அந்த வெறகுல அவிச்ச சோத்த நானும் தின்னேன், கூடப் பேச வாயில்ல.

இதுல ஒரு வேடிக்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயி பழைய மரப்பெட்டி ஒண்ண வாங்கியாந்து கட்டில் காலடியில வச்சிருக்க. யாரோ ஒரு ஆச்சி சீதனமாக் கொண்டு வந்தது. அவ பேரன் வித்துருக்கான், நீ வாங்கியிருக்க. ஒங்க பாட்டியோட பெட்டிய நீ ஆக்கர் கடையில போட்டியே, அத எந்த ஊரு பேரன் வாங்குனானோ.

தரை வரைக்கும் தொங்குத வெல்வெட்டுத் திர. இதுக்குத்தான் எனக்குப் பேச்சே வரல. ஆனி ஆடியில மேகாத்து எழும்புனா குதிரமொழித் தேரி மணலு எங்கெங்க போவும்னு நீயே பாத்துருக்க. செக்கச் செவேல்னு, இரும்புத் துரு படிஞ்ச பொடி. வெல்வெட்டுக்கு மசுரு உண்டுல்லா, அதுல உக்காந்தா எந்திரிக்காது. ஒரு ஆடி கழிச்சு நீ திரையத் தட்டுனா அரக் கொட்டான் தேரிய அள்ளலாம். தொவைக்கணும்னா நனஞ்ச வெல்வெட்டத் தூக்க ரெண்டு ஆளு வேணும், பிழிய நாலு ஆளு. மருமவ தொவப்பாளா, நீ தொவப்பியா? இப்பவே பேசி முடிச்சுக்கோ. நம்ம ஊரு சன்னலுக்குக் கைத்தறி வேட்டித் துணிய ரெண்டாக் கிழிச்சுத் தொங்கவிட்டாப் போதும். காத்து உள்ள வரும், எதுத்த வீட்டுக்காரி கண்ணு உள்ள வராது. திரைக்கு வேற என்ன வேல இருக்கு?

மெத்த விரிப்பு துபாய்லருந்து சேக்காளி கொண்டாந்தான்னு சொன்ன. நல்ல நெசவு, வீடியோவுலயே தெரியுது. அந்த ஓரத்துத் துண்டுச் சீட்டத் திருப்பிப் பாரு. கரூர்ல நெய்ததா இருந்தா ஆச்சரியப்படாத. உலகம் பூரா கட்டிலு கட்டிலா விரிக்குதது கரூருத் துணிதான். தூத்துக்குடி தொறமுகத்துல கப்பல் ஏறிப் போனது, ஊரெல்லாம் சுத்தி, ஒன் சேக்காளி பெட்டிக்குள்ள ஏறி, வந்த கடல்கரைக்கே வந்துட்டு. துணி பாத்த ஊரு நான் பாக்கல.

இம்புட்டும் வாங்குனியே, பாயி எங்க?

சேரன்மாதேவிக்குப் பக்கத்துல பத்தமடைன்னு ஒரு ஊரு இருக்குல்லா. தாமிரவருணிக் கரைக் கோரைய அறுத்து, கீறி, காயப்போட்டு, கல்லக் கட்டி ஓடுத தண்ணியில நாள்கணக்கா முக்கிப் போடுவாவ. ஊறிப் பெருத்துக்கிடும். மறுபடி காயப்போட்டு, மறுபடி கீறி, நூலு மொத்தத்துக்குச் சன்னமாக்கி, சாயம் ஏத்தி நெய்யணும். அங்க உள்ள லெப்பைமாரு வீட்டுப் பொம்பளைய கையிலதான் அந்த வித்த தங்கி நிக்கி. பட்டுப்பாயின்னா வேட்டி மடிக்குத மாரி மடிச்சுப் பையில வைக்கலாம். ஒண்ணு நெய்து எறங்க வாரக்கணக்கு ஆவும். 1953-ல எலிசபெத்து ராணி முடிசூட்டுக்கு இங்கருந்து பாயி போச்சுன்னு அந்த ஊருல இன்னைக்கும் சொல்லுவாவ. ராணி அதுல படுத்தாளா, செவத்துல மாட்டுனாளா, அது அவ பாடு.

கல்யாணப் பாயின்னு தனியா உண்டு. மாப்ள பேரு, பொண்ணு பேரு, கல்யாணத் தேதி எல்லாத்தையும் கோரையிலயே வச்சு நெய்து தருவாவ. நீ எதுத்த செவத்துல ரெண்டு பேரு பேரையும் பிளாஸ்டிக் எழுத்துல ஒட்டி, நடுவுல செவப்பு விளக்கு போட்டிருக்க. உப்புக் காத்துக்கு அந்தப் பசை எத்தன நாளு நிக்கும்? மொத எழுத்து விழுந்தா ஒன் பேரு யாரு பேரோ ஆயிரும், மருமவ யாருன்னு கேப்பா. பாயில நெய்த பேரு விழாது. இன்னொரு வசதியும் இருக்கு. கல்யாணத் தேதி மறந்து போச்சுன்னு நாளைக்கு நீ சொல்ல முடியாது, அதுமேலதான படுத்துக் கெடக்க.

ராத்திரி விரிச்சாப் படுக்க ரூமு, காலையில சுருட்டுனா அதே ரூமு சாப்புடுத எடம், ஆளு வந்தா உக்காருத எடம். புழுக்கமா இருந்தா திண்ணைக்குப் போவும், நெலா அடிச்சா மொட்ட மாடிக்குப் போவும். ஒன் கட்டில மாடிக்குத் தூக்கிப் பாரேன். நம்ம ஆளுவ ஒரே எடத்துல தூங்குனதே கெடையாது மருமவனே, காத்து எங்க வந்துச்சோ அங்க தூங்குனாவ.

அலங்காரச் சாமான் நெறைய வச்சிருக்க. புத்தரு தல மட்டும் ஒண்ணு இருக்கு. ஒடம்பு யாரு வீட்டுல இருக்குன்னு விசாரிச்சியா? தலகாணி எட்டோ ஒம்பதோ அடுக்கியிருக்க, தலை ரெண்டுதான. ராத்திரி அத்தனையையும் தரையில எறக்கி, காலையில அத்தனையையும் ஏத்தணும். ஆபீசுக்கு நேரமாவும், பாத்துக்கோ. அந்த எறகு தொங்குத வளையத்த மட்டும் ஒங்க அத்த சிலந்தி வலைன்னு நெனச்சு, "தட்டி விடச் சொல்லுங்க"ன்னா. கெட்ட கனாவப் புடிக்குத வலைன்னு நான் வெளக்குனேன். அது அமெரிக்காவுல ஓஜிப்வேன்னு பூர்வகுடி சனங்க கட்டுதது. எங்க கட்டுவாவன்னு தெரியுமா? கைப்புள்ள தொட்டிலுக்கு மேல.

இங்கதான் எனக்குள்ள பெரிய சந்தேகமே. தொட்டிலுக்கு மேல கட்டுதத வாங்கிட்ட. தொட்டில எங்க கட்டுவ? அண்ணாந்து பாத்தேன். ஜிப்சம் பலகையில மேலயும் ஒரு கூர, அதுக்குள்ள பதினாறு கலரு விளக்கு. உள்ள இருந்த உத்தரமும் போச்சு, அதுல இருந்த கொக்கியும் போச்சு. நீ ஆடுன கொக்கி, ஒங்கம்மை ஆடுன கொக்கி. அந்தப் பலகையில சீலையக் கட்டுனா பதினாறு விளக்கும் புள்ளையோட சேந்து கீழ வரும். கல்யாணம் முடியதுக்குள்ள ஆளக் கூப்புட்டு, பலகையில ஒரு ஓட்டயப் போட்டு, உத்தரத்துலருந்து கம்பிய எறக்கி வையி. வெக்கப்படாத. நாத்து நடுதவன் மொதல்லயே வாய்க்கால வெட்டி வைக்கணும். மருமவ கேட்டா, பூந்தொட்டி தொங்கவிடன்னு சொல்லு.

இம்புட்டுதான். பொறவு, புரட்டாசியில தசரா வருது. காப்புக் கட்டுத அன்னைக்கே நாங்க வந்துருவோம், சூரசம்காரம் முடிஞ்சுதான் கெளம்புவோம். சின்னவன் இந்த வருசம் காளி வேசம். சடமுடி, கிரீடம், எட்டுக் கையி, எல்லாம் சேத்து ஒரு வேனு வரும். அவன் விரதக்காரன், மெத்தையில படுக்கப்புடாது, தார்சாவுல தரையில கெடப்பான். அத்தைக்கு அடுக்களைக்குப் பக்கத்துல படுத்தாத்தான் ஒறக்கம் வரும். எனக்குத்தான் மூட்டு வலி. தரையில படுத்தா எந்திரிக்க ஆளு வேணும், நாருக் கட்டிலு இப்பம் முதுகுல குத்துது. அந்த நாசாக்காரன் மெத்தையில நடுவுல ஒரு எடம் கெடக்குன்னு சொன்னேம்லா, நான் பைய அதுல படுத்துக்கிடுதேன். நான் பொரண்டு படுக்குத ஆளு, அதனால நீயும் மருமவளும் மாடிக்குப் போயிருங்க. பாயி நான் கொண்டாரேன். ஏசிய 24-ல வச்சுட்டுப் போ. ராவுல மழ வந்தாக் கதவத் தட்டு, முழிச்சிருந்தாத் தொறக்கேன்.